கம்ப்யூட்டரின் பின்பக்கம்: எந்த வயர் எங்கே?

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். "வீட்டுக்கு வெள்ளை அடிச்சோம்டா. கம்ப்யூட்டர் வயரை எல்லாம் கழட்டிட்டோம். இப்போ திரும்ப மாட்டினா திரையில 'நோ சிக்னல்'னு வருது. காலைல பாப்பாவுக்கு ஆன்லைன் பரீட்சை இருக்கு."

வீடியோ கால் சரியாக வரவில்லை. பேச்சிலேயே புரியவைக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்கிற நீங்களும் பார்க்க முடியாதுதானே? அதனால் அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். அங்கே மூன்று பகுதிகள் இருக்கும். ஒன்று, பவர் வயர் போகிற எஸ்எம்பிஎஸ் பெட்டி. இரண்டு, மதர்போர்டின் போர்ட்டுகள் கூட்டமாக இருக்கிற தகடு. மூன்று, அதற்குக் கீழே படுக்கைவாக்கில் வரிசையாக இருக்கிற பட்டைகள்.

பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115, 230 என்று எழுதியிருக்கும். நம்ம ஊர் மின்சாரம் 230 வோல்ட். சின்ன வயசில் நான் அதை விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தேன். 'டப்'புனு ஒரு சத்தம், கருகின வாசனை, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் போச்சு. இப்போது வருகிற பெரும்பாலானவை வோல்டேஜைத் தானாகவே அறிந்துகொள்ளும். உங்களுடையதில் அந்த சுவிட்ச் இருந்தால் 230-லேயே இருக்கட்டும், தொடாதீங்க.

அடுத்து மதர்போர்டு தகடு. இங்கே முதலில் வடிவத்தைப் பாருங்க. லேன் வயர் லேன் போர்ட்டில் மட்டும்தான் 'கிளிக்' என்று உட்காரும். விஜிஏ என்பது மூன்று வரிசையில் 15 துளைகள் உள்ளது, பெரும்பாலும் நீல நிறம். வயரின் முனையில் இருக்கிற ஊசிகள் சுலபமாக வளையும். நேராக வைத்து அழுத்தி, இரண்டு பக்கத் திருகையும் முடுக்கினால் போதும். நுழையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீங்க, திருப்பிப் பாருங்க.

வடிவம் ஒன்றாக இருந்தால் நிறத்தைப் பாருங்க. வட்டமான பிஎஸ்/2 போர்ட் இருந்தால் ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்த பர்சனல் சிஸ்டம்/2 கணினிகளால் வந்த பெயர் அது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் இதில் மாட்ட வேண்டும். ஆடியோவில் மூன்று ஓட்டைகளும் ஒரே அளவு. எதிலும் எது வேண்டுமானாலும் நுழையும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுக்க. யூஎஸ்பியில் கறுப்பு பெரும்பாலும் 2.0, நொடிக்கு 480 மெகாபிட் வரை. நீலம் 3.0, அது 5 கிகாபிட் வரை. கீபோர்டு, மவுஸுக்குக் கறுப்பே தாராளம். வெளி ஹார்டு டிஸ்க்கை நீலத்தில் மாட்டுங்க.

வடிவமும் நிறமும் ஒன்றாக இருந்தால்? அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டாள். அவள் கணினியில் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட். ஒன்று மதர்போர்டு தகட்டில், இன்னொன்று கீழே பட்டையில் இருக்கிற கிராபிக்ஸ் கார்டில். அவள் மேலே மாட்டியிருந்தாள். அவளுடைய பிராசஸர் இன்டெலில் 'எஃப்' என்று முடிகிற வகை. அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் மேல் போர்ட்டில் படமே வராது.

அவளுக்காவது 'நோ சிக்னல்' என்று வந்தது. பிராசஸரிலும் கிராபிக்ஸ் இருந்திருந்தால் மேல் போர்ட்டிலும் படம் வந்திருக்கும். காசு கொடுத்து வாங்கின கார்டு சும்மா கிடக்கும், கேம் ஏன் திணறுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் போக வேண்டும்.

"கீழே படுத்திருக்கிறதுல மாட்டு" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் பாப்பா குரல்: "வந்துடுச்சு மாமா!"

ஒன்றே ஒன்று. அடுத்த முறை வயரைக் கழற்றுவதற்கு முன்னால் போனில் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கோங்க. அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்.