அடுப்பில் உப்பும் சக்கரம்

1891 செப்டம்பரில் பிரான்ஸில் ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. பாரிஸிலிருந்து அட்லாண்டிக் கரையில் இருக்கும் ப்ரெஸ்ட் துறைமுகம் வரை போய், மறுபடி பாரிஸுக்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர். நடத்தியவர் 'லெ பெத்தி ஜூர்னால்' பத்திரிகையின் பியர் ஜிஃபார். இருநூறுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். மூன்று இரவு தூங்காமல் மிதித்து, 72 மணி நேரத்துக்குள் முதல் ஆளாக வந்து சேர்ந்தார் சார்ல் தெரோன். அவர் சைக்கிளில் இருந்தவை, அப்போதுதான் வந்திருந்த, கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் காற்று டயர்கள்.

அந்தப் பந்தயத்தின் நினைவாக ஒரு பலகாரம் செய்து தரும்படி, பாரிஸை அடுத்த மெஸோன்-லஃபீத் ஊரில் கடை வைத்திருந்த லூயி துரானிடம் ஜிஃபார் கேட்டார். 1910-இல் பிறந்தது 'பாரிஸ்-ப்ரெஸ்ட்'. சைக்கிள் சக்கரம் போன்ற வளையம், மேலே சீவிய பாதாம், நடுவே கிடையாக அறுத்து நிரப்பிய பிரலீன் க்ரீம். இன்று பிரான்ஸின் நல்ல இனிப்புக் கடைகளில் இதைப் பார்க்கலாம்.

இந்த வளையத்தின் மாவில் ஈஸ்டும் இல்லை, சோடா மாவும் இல்லை. பிறகு எப்படி உப்புகிறது? வித்தை, சுடும் அடுப்புக்குள் வைக்குமுன்பே தொடங்கிவிடுகிறது. தண்ணீரும் வெண்ணெயும் உப்பும் கொதிக்கும்போது மைதாவை ஒரே வீச்சில் கொட்டி, கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவது போல விடாமல் கிளறுகிறார்கள். மாவு திரண்டு பாத்திரத்தை விட்டு விலகும். அடியில் மெல்லிய ஏடு ஒட்டும். அதுதான் பதம். அந்தச் சூட்டில் மாவுச்சத்தின் துகள்கள் தண்ணீரைக் குடித்துப் பருத்து, கூழாகிவிடுகின்றன. சாதாரண ரொட்டி மாவு தாங்காத அளவு தண்ணீரை இந்த மாவு தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடு தணிந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். ஆறுமுன் சேர்த்தால் முட்டை அங்கேயே வெந்து திரிந்துவிடும். கரண்டியைத் தூக்கினால் மாவு மெல்லச் சரிந்து, நுனியில் முக்கோணமாகத் தொங்க வேண்டும்.

பிறகு பையில் நிரப்பி, தட்டில் ஒரு வளையம் பிழிகிறார்கள். அதை ஒட்டி உள்ளே இன்னொன்று; இரண்டும் சேரும் கோட்டின் மேல் மூன்றாவது. சூடான அடுப்புக்குள் மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாத அந்த ஆவி, இழுபடும் மாவை உள்ளிருந்து தள்ளி ஊதவைக்கிறது. அதற்குள் முட்டையின் புரதம் வெந்து இறுகி, ஊதிய சுவரை அப்படியே நிறுத்துகிறது. பாதியில் கதவைத் திறந்தால் சுவர் இறுகுமுன் ஆவி குளிர்ந்து தண்ணீராகும், பலகாரம் அமுங்கிப்போகும். தெரோனைச் சுமந்த டயரும் உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தத்தால்தான் நின்றது. வடிவத்தில் மட்டுமல்ல, விறைத்து எழும் முறையிலும் இது டயரின் உறவு!

சக்கர வடிவம் வெறும் நினைவுச் சின்னம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது அடுப்புக்கும் ஏற்ற வடிவம் என்பேன். இதே மாவைத் தடித்த வட்டமாகப் பிழிந்தால் ஓரம் சிவந்து, நடு ஈரமாகவே கிடக்கும். வளையத்தின் நடுவில் மாவே கிடையாது. வெளி ஓரத்திலிருந்தும் உள் ஓரத்திலிருந்தும் சூடு ஏறுவதால் எட்டுப் பேர் சாப்பிடும் அளவு பெரிதாகச் செய்தாலும் சீராக வேகும்.

க்ரீமில் கஸ்டர்டு, வெண்ணெய், காய்ச்சிய சர்க்கரையில் புரட்டி அரைத்த ஹேசல் கொட்டையும் பாதாமுமான பிரலீன் ஆகியவை சேர்கின்றன. க்ரீமின் ஈரம் சுவருக்குள் இறங்க அதிக நேரம் பிடிக்காது. மொறுமொறுப்பு போய்விட்டால் திரும்பாது. அதனால் நல்ல கடைக்காரர் காலையில் வளையத்தைச் சுட்டு வைத்து, க்ரீமை விற்பதற்குச் சற்று முன்புதான் நிரப்புவார். வாங்கினால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.