இரண்டு மொழிக்கு ஒரே அளவுகோல்

ருஷ்யக் கூட்டாட்சிக்குள் இருக்கும் தாத்தார்ஸ்தானை எடுத்துக்கொள்வோம். அங்கே தாத்தார் பேசும் வீட்டுக் குழந்தையும் ருஷ்ய மொழியில் சொல்வதெழுத வேண்டும். ஆசிரியர் பிழைகளை எண்ணுவார். எண்ணிக்கைக்குத் தக்கபடி ஐந்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண்; இரண்டு வாங்கினால் தோல்வி. முதல் வகுப்புக்கு மட்டும் இது கிடையாது.

ருஷ்யப் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். தாத்தாரில் இலக்கணப் பாலே இல்லை. ஆகவே குழந்தை பெயரடையின் விகுதியை மாற்றிப் போட்டுவிட்டால் அது மந்தபுத்தி அல்ல. தெரிந்த மொழியின் ஒழுங்கைத் தெரியாத மொழிக்குள் கொண்டுபோய்ப் பார்க்கிறது. சிவப்பு மைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

குழந்தை தனியாகச் செய்வதை மட்டும் அளந்தால் போதாது, பிறர் உதவியோடு என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றவர் வைகோத்ஸ்கி. பன்மொழிக் குழந்தைகளைப் பற்றி 1928லேயே எழுதியவர். குழந்தையியலைத் தடைசெய்த 1936 ஆணைக்குப் பின் அவர் எழுத்துக்களும் ஓரங்கட்டப்பட்டன.

அப்ப முன்னேற்றத்தை எப்படித்தான் அளக்கிறது? ஒரே கதையை இரண்டு மொழியிலும் சொல்லவிட்டு, அதே குழந்தை போன வருஷம் சொன்னதோடு ஒப்பிடலாம் என்பேன். பக்கத்து பெஞ்சுக் குழந்தையோடு அல்ல.

ஆனால் இது வகுப்பறையோடு முடிகிற விவகாரமில்லை. 2009 முதல் நாடெங்கும் கட்டாயமான பள்ளியிறுதித் தேர்வு ருஷ்ய மொழியில் நடக்கிறது. 2018 சட்டத் திருத்தம் தாய்மொழிப் பாடத்தைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. தேர்வில் உதவாத மொழி எதுக்குன்னு பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் விருப்பமாம்! மொழியைத் தடைசெய்ய வேண்டியதே இல்லை. அளவுகோலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.