நாய்க்கு அழகுப் பட்டையா? முதலில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள்!



ஒரு சித்திரை மாதம் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சந்தா வரவு எழுதி முடித்து, கடன் பேச்சு ஆரம்பித்த நேரம். ஒரு அக்கா மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். குழுக் கடனில் ஆடு வாங்கி வளர்ப்பவர். "என்னக்கா, என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"நாய்க்கு உடம்பு சரியில்ல மேடம். மூணு நாளா கஞ்சி குடிக்கல. கிட்டப் போனாலே நாத்தம் அடிக்குது. ராத்திரி பட்டிக்குக் காவலே அதுதான்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பார்த்தோம். ஐந்து மாதக் குட்டி. கழுத்து முடியை விலக்கினால், மஞ்சள் நைலான் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. வெளியே இரண்டு மணி மட்டும் தெரிந்தது. புண்ணில் புழு வைத்திருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குச் சலங்கை வாங்கும்போது, "இதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று ஆசையாகக் கட்டிய கயிறு அது. குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. மூன்று மாதமாக யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டுக் கயிற்றை வெட்டி எடுத்தார்கள். குட்டி பிழைத்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் அந்த அக்கா, "நான் ஒரு நாள்கூட அத அடிச்சதில்ல மேடம். ஆசையா கட்டுனதுதான் அறுத்திருக்கு" என்று சொல்லி அழுதார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மில் பலர் வீட்டில் இப்படித்தான் கட்டியிருக்கிறோம். கறுப்புக் கயிறு, சோழி, மணி, பாசி என்று கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நாய்க்கு அழகு பார்ப்பது தப்பில்லை. எதை, எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

எந்தப் பட்டை நல்லது?

கயிறு, கம்பி, மெல்லிய சங்கிலி இவற்றை நேரடியாகக் கழுத்தில் கட்ட வேண்டாம். ஒல்லியாக இருப்பது எதுவும் இழுக்கும்போது அறுக்கும். தட்டையான பட்டைதான் நல்லது. கெட்டியான பருத்தி நாடா, பள்ளிக்கூடப் பைக்கு வைக்கும் நைலான் வார், மெத்தென்ற தோல் எதுவானாலும் சரி. குட்டிக்கு அரை அங்குல அகலம் போதும். வளர்ந்த நாட்டு நாய்க்குச் சுமார் 1 அங்குலம் வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரண பட்டையைத் தலை வழியாக உருவிக்கொண்டு ஓடிவிடும். அதற்காகச் சிலர் மூச்சு முட்ட இறுக்குகிறார்கள். அது வேண்டாம். ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை அகலமுள்ள பட்டையாகப் பார்த்து, காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பகுதியில் கட்டுங்கள்.

ஆணி வைத்த முள் பட்டையைச் சிலர் பந்தாவுக்கு வாங்குகிறார்கள். இமயமலைப் பக்கம் ஆட்டுக் கிடை காக்கும் நாய்களுக்குச் சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள். நம் வீட்டு வாசலில் படுக்கும் நாய்க்கு அது தேவையில்லை. குழந்தைகள் கட்டிப் பிடித்தால் குத்தும்.

இரண்டு விரல் கணக்கு

பட்டையைக் கட்டியதும் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைய வேண்டும். விரல் நுழையவில்லை என்றால் இறுக்கம். கை முழுதும் போனால் தளர்வு, முன்னங்கால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

குட்டி 6 மாதம் ஆகும் வரை வேகமாக வளரும். அதனால் குட்டிக்கு வாரம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். பெரிய நாய்க்கு வாரம் ஒரு தடவை போதும். குழுக் கூட்டத்துக்குப் பாஸ் புத்தகம் எடுக்கும்போதே நாயின் கழுத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மறக்காது.

அலங்காரத்தில் என்ன ஆபத்து?

கையால் இழுத்தால் பிய்ந்து வருவதை எல்லாம் நாய் பல்லால் பிய்த்துவிடும். பாசி, கண்ணாடிச் சில்லு, ஜிகினா, பசை போட்டு ஒட்டிய கல் இவற்றை விழுங்கினால் குடலில் அடைக்கும் அல்லது கிழிக்கும். தொங்கும் குஞ்சம் வேலி முள்ளில் மாட்டிக் கழுத்தை நெரிக்கும். மணியும் அப்படித்தான். நமக்கு இனிமையாகக் கேட்கிறது, நமக்குக் கேட்காத சத்தத்தையும் கேட்கும் காதுக்கு ராத்திரி பகலாக அடித்தால் தொந்தரவு.

அழகு வேண்டும் என்றால் பட்டையிலேயே பூ வேலை, தையல் வேலை செய்யுங்கள். சாயம் போகிறதா என்று ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பண்டிகைக்குக் கட்டிய மாலை, மணி, ரிப்பனை அன்று சாயங்காலமே அவிழ்த்துவிடுங்கள்.

குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் பட்டையைக் கழற்றிக் காய வையுங்கள். ஈரத்தோடு கிடந்தால் அரித்துப் புண்ணாகும்.

கட்டிப் போடும் சங்கிலியும் அளவாக இருக்கட்டும். தேவையில்லாமல் கனமான, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எந்நேரமும் கட்டியே வைத்து, நடக்கவும் ஓடவும் விடாமல் இருப்பதும் குற்றம்தான்.

புண் வந்துவிட்டால்

கயிறு சதைக்குள் போயிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வலியில் இருக்கும் நாய் சோறு போட்டவரையே கடிக்கும். கடித்தாலோ பல் பட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தில் பட்டை இருப்பதால் அது ஊசி போட்ட நாய் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும்.

தையல் குழுக்களுக்கு ஒரு வார்த்தை

மிச்சத் துணியில் நாய்ப் பட்டை தைத்து விற்கலாமே என்று சில குழுக்கள் கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். உள்ளே கெட்டியான வார் வைத்து, மேலே துணி போர்த்தி, இரட்டைத் தையல் போடுங்கள். முடிச்சும் தையல் முனையும் கழுத்துப் பக்கம் வரக்கூடாது. கூட்டிக் குறைக்க 5 அல்லது 6 துளை வையுங்கள். ஒரு சின்ன அட்டையில் "இரண்டு விரல் நுழைய வேண்டும், வாரம் ஒருமுறை பாருங்கள்" என்று எழுதிக் கட்டிக் கொடுங்கள். வாங்குபவருக்கு நம் குழு மேல் நம்பிக்கை வரும்.

அந்த அக்கா வீட்டுக் குட்டி இப்போது பெரிய நாய். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அதன் மேல் அவரே தைத்த சிவப்புப் பட்டை. நான் போகும்போதெல்லாம் முதல் வேலையாக இரண்டு விரலை உள்ளே விட்டுக் காட்டுகிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் 5 நிமிடம் ஒதுக்கி இதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் நாயின் கழுத்தை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.