எஞ்சின் நின்ற பிறகுதான் விரல் போகிறது

ஸ்னோ புளோவரில் விரலைப் பறிகொடுத்த பலர் சொல்வது ஒன்றுதான்: “எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தானே கையை வைச்சனான்.” அதில் பொய் இல்லை. பனி வந்து அடைத்துக்கொண்டபின் எஞ்சினை நிறுத்தினாலும், உள்ளே பெல்ட்டில் ஏறிய முறுக்கு அப்படியே இருக்கும். சுழலத் துடிக்கும் இரும்புத் தகட்டை அந்தப் பனிக்கட்டிதான் பிடித்து வைத்திருக்கிறது. கட்டியைக் கையால் தட்டிவிட்டதும் தகடு அரைச் சுற்றுச் சுற்றும். அரைச் சுற்றுப் போதும்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 5,000-க்கும் மேற்பட்டோர் ஸ்னோ புளோவர் காயங்களுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. விரல் துண்டிப்பும் எலும்பு முறிவும் அதில் நிறைய. எப்போது நடக்கிறது என்பதைக் கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள்: 15 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டிய நாளில், வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நிற்கும்போது, பனி ஈரமாகிக் கனக்கும்போது. ரொறன்ரோவில் மார்ச் மாதம் விழுகிற பனி பெரும்பாலும் இந்த இனம்தான். ஜனவரியின் மாப்பனி குழாய்வழியே பறந்துவிடும். மார்ச் பனி கஞ்சிபோல் ஒட்டிக்கொள்ளும்.

புதிய இயந்திரங்களில், முன்பக்க மூடியின் மேல், ஒரு பிளாஸ்டிக் கழி செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் குதிரைவலுவைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசுகிறவர்கூட அதைத் தொட்டுக் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால், அந்த இயந்திரத்திலேயே விலைமதிப்பான உறுப்பு அதுதான். அடைத்தால் இரண்டு பிடிகளையும் விடுங்கள். எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றுங்கள். எல்லாம் அசைவற்று நிற்கும்வரை பொறுங்கள். பிறகு கழியால் குத்திவிடுங்கள். கழி தொலைந்துபோனால் தும்புத்தடிப் பிடி போதும். கை வேண்டாம். தடித்த கையுறை போட்ட கையும் வேண்டாம். அது பாதுகாப்பதற்குப் பதிலாக விரலையும் சேர்த்து இழுத்துக்கொடுக்கும். தொங்குகிற மப்ளர், சால்வைக்கும் இதே விதி.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கைப்பிடியை விட்டால் சுழற்சி நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிடி வைத்திருக்கிறார்கள். விறைத்த கைக்கு அதை அழுத்திக்கொண்டே நடப்பது கஷ்டமாக இருக்கிறதென்று ரேப் சுற்றிக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. சறுக்கி விழுந்தால் இயந்திரம் அவர்களுக்காக நிற்காது.

விபத்து நடந்தே விட்டால்: 911-ஐ அழையுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். சுற்றிலும் பனிதானே கிடக்கிறதென்று விரலை நேரே பனியில் புதைக்கக்கூடாது. திசு உறைந்து செத்துவிட்டால் மீண்டும் பொருத்த முடியாது.

சரி, எதை வாங்குவது?

ஸ்காபரோவில் ஒரு கார் மட்டும் நிற்கும் வரிசை வீட்டுக்கும், மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ நாலு கார் நிற்கும் வீட்டுக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது. ஒற்றை நிலை இயந்திரத்தில் ரப்பர் விளிம்புள்ள துடுப்பு தரையைச் சுரண்டிக்கொண்டே பனியை அள்ளி எறியும். பாரம் குறைவு, அடியில் சுத்தமாக வழித்துவிடும். 20 சென்ரிமீற்றர்வரை சமாளிக்கும். சரளைக்கல் பாதையில் மட்டும் கூடாது. கல்லை அள்ளிப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் அடிக்கும். இரட்டை நிலை இயந்திரத்தில் முன்னால் உள்ள திருகு பனியை அரைத்து உள்ளே தள்ள, பின்னாலுள்ள விசிறித் தகடு அதைக் குழாய்வழி எறியும். திருகு தரையில் முட்டாது. சக்கரமும் தானே ஓடும். சரளைக்கல்லிலும் இதைத்தான், பக்கவாட்டுச் சறுக்குத் தகடுகளைக் கொஞ்சம் இறக்கி முன்பக்கத்தை உயர்த்திக்கொண்டு, பாவிக்க வேண்டும்.

ஆனால் டிரைவ்வேயின் நீள அகலத்தைவிட முக்கியமானது அதன் வாய்ப்பக்கம். நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது உங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்து இறுகிய அந்த வரம்பில்தான் மெலிந்த இயந்திரங்கள் தோற்கின்றன. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் சில இடங்களில் ஒரே நாளில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது, சின்ன இயந்திரம் வைத்திருந்தவர்கள் வாசலில் சவளோடுதான் நின்றார்கள். உங்கள் தெருவில் நகரசபையே வரம்பை எடுக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மார்க்கம் போன்ற நகரங்களில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதற்கென உதவித் திட்டம் உண்டு. ஆனால் தானாகக் கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தால் பெரிய இயந்திரமே தேவைப்படாமல் போகலாம்.

பற்றரி இயந்திரங்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. பெற்றோல் மணம் இல்லை, அதிகாலையில் அயலவரை எழுப்பாது. கடுங்குளிரில் பற்றரியின் தாக்குப்பிடிப்புக் குறையும் என்பதால் அதை வீட்டுக்குள்ளே வைத்து, வேலைக்குப் போகும்போது மட்டும் மாட்டவேண்டும். மின்கம்பி உள்ள இயந்திரமானால் வெளிப்புறப் பாவனைக்கான தடித்த வயரும், ஈரத்தில் கசிவு வந்தால் தானே அறுந்துகொள்ளும் பாதுகாப்புச் செருகியும் அவசியம். மலிவாக இருக்கிறதென்று இணையத்தில் வாங்குகிறவர்கள் சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்படி முத்திரை இல்லாத மின்சாதனத்தை ஒன்ராறியோவில் விற்பதே சட்டப்படி தவறு.

பக்கத்து வீட்டுக்காரர் 30 அங்குல இயந்திரம் வாங்கினார் என்பது நாமும் வாங்குவதற்குக் காரணமாகாது. நம்மவர் கராஜ்களில் அரிசி மூட்டைக்கும் பழைய சோபாவுக்கும் போக மிஞ்சும் இடம் எவ்வளவு என்பதையும் அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

வாங்குகிறபோதே கூடுதலாக ஒரு சோடி முறிவு ஊசிகளும் வாங்கி வையுங்கள். திருகையும் அதன் தண்டையும் இணைக்கும் சிறிய ஆணிகள் அவை. வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். உறைந்துபோன விளம்பரத்தாள் கட்டையோ கல்லையோ திருகு கடித்தால் ஆணி முறிந்து, விலைகூடிய பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும். முறிந்த ஆணிக்குப் பதில் கராஜில் கிடந்த உருக்கு போல்ட்டை முறுக்கிவிட்டால் அடுத்த முறை ஆணி முறியாது, பெட்டிதான் உடையும். சில டொலரில் முடிகிற விஷயம் சில நூறு டொலருக்குப் போகும்.

கடையில் வாங்கிய பொருள் குறிப்பிட்ட வேலைக்கு உதவாவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். “உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது” என்று பற்றுச்சீட்டில் அச்சடித்திருந்தாலும், தரம் பற்றிய சட்ட உத்தரவாதத்தை வியாபாரி கைகழுவ முடியாது. தனியாரிடம் இரண்டாம் கையாக வாங்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. எனவே எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போது போய், உங்கள் கண்முன்னே இயக்கச் சொல்லுங்கள். பிடியை விட்டதும் சுழற்சி நிற்கிறதா என்று பாருங்கள். மொடல் இலக்கத்தைக் கனடா சுகாதாரத் திணைக்களத்தின் திரும்பப் பெறல் பட்டியலில் தேடுங்கள். பிடியை விட்ட பிறகும் திருகு நிற்காமல் போகலாம் என்பதால் டோரோ நிறுவனம் 2020 இறுதியில் தன் பவர் மேக்ஸ் வகை ஒன்றைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்டது எதுவும் யாருடைய கராஜிலிருந்தும் மலிவு விலைக்கு வெளியே வரலாம். திரும்பப் பெறப்பட்ட பொருளுக்குத் திருத்தம் இலவசம். யார் முதலில் வாங்கினார் என்பது பெரும்பாலும் பிரச்சினையாக இராது.

பெற்றோல் இயந்திரத்தைக் கராஜுக்குள் இயக்கவே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவிடுக்கு அதற்குப் போதும். வெளியே தள்ளிக்கொண்டுபோய்த் தொடங்குங்கள். எஞ்சின் ஆறும்வரை பெற்றோல் ஊற்றாதீர்கள். காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் வர, இதைவிட அதிகம் கவனிக்கப்படாத வழி ஒன்று உண்டு. வீட்டின் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃபேர்னஸ் காற்றை இழுப்பதும் புகையை விடுவதும் அவற்றால்தான். ஸ்னோ புளோவரின் எறிகுழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பனியை எறிந்தால் அவை புதைந்துபோகும். நல்ல ஃபேர்னஸ் தானே நின்று வீடு குளிரும். பழையதானால் நச்சுவாயு உள்ளே திரும்பலாம். காஸ் மீற்றரையும் புதைக்காதீர்கள். படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களும் அதைக் கேட்டுப் பெறலாம்.

சவளா, இயந்திரமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, 20 சென்ரிமீற்றர் பனி கொட்டியதற்கு அடுத்த நாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34% கூடுவதாகக் கண்டது. தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு ஸ்னோ புளோவர் ஆடம்பரமில்லை. அதற்காக 100 கிலோ இயந்திரத்தை வரம்புக்குள் முட்டித் தள்ளுவதும் லேசான வேலையல்ல. நெஞ்சு இறுகினால் வேலையை விட்டு உள்ளே வாருங்கள். பாதி டிரைவ்வே அப்படியே கிடக்கட்டும்.

பனியை எங்கே எறிவது என்பதிலும் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி வீதியில் பனியைப் போடுவதை ஒன்ராறியோ வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தடை செய்கிறது. “எல்லாரும்தானே தள்ளுகினம்” என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

இனி, இந்த இயந்திரத்தைத் தள்ளவேண்டியவர் யார் என்ற கேள்வி. பேஸ்மென்டுக்கு ஆள் வைக்கும் நம்மவர் பலர், “ஸ்னோ நீங்கள்தான் எடுக்கவேணும் தம்பி” என்று வாயாலோ ஒப்பந்தத்திலோ சொல்லிவிடுகிறார்கள். இது செல்லாது. பொது வழியில் ஆபத்தான பனியை அகற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று வாடகைக் குடியிருப்பு ஒழுங்குவிதி சொல்கிறது. பேஸ்மென்டில் குடியிருந்த ஒருவர் நடைபாதை ஐஸில் விழுந்த வழக்கில், வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்பைக் குடியிருப்பவர் தலையில் கட்டிய வரியை 2009-இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. குடியிருப்பவரே செய்யவேண்டுமென்றால், அதை வாடகையிலிருந்து தனித்து நிற்கும் வேலையாக, அதற்குரிய கூலியுடன், தனி ஒப்பந்தமாகப் பேசவேண்டும். உரிமையாளர் பனி எடுக்காமல் விட்டால் குடியிருப்பவர் படமெடுத்து, எழுத்தில் அறிவித்து, அதற்கும் அசையாவிட்டால் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு ரி6 படிவத்தில் முறையிடலாம். உரிமையாளர்களுக்கும் இதில் செய்தி உண்டு: குடியிருப்பவர் விழுந்தால் உங்கள் காப்புறுதிதான் பதில் சொல்லவேண்டும். பேஸ்மென்டில் ஆள் இருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

விழுந்தவர்கள் நாட்களை எண்ணவேண்டும். தனியார் இடத்தில் ஐஸிலோ பனியிலோ விழுந்து காயப்பட்டால் 60 நாட்களுக்குள் இடம், நேரம் குறிப்பிட்டு உரிமையாளருக்கோ பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ எழுத்தில் நேரே கையளித்தோ பதிவுத் தபாலிலோ அறிவிக்கவேண்டும். 2021 ஜனவரி முதல் இது விதி. நகரசபை நடைபாதையில் விழுந்தால் 10 நாட்கள்தான், அதுவும் நகரச் செயலருக்கு. நியாயமான காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படலாம், ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம். விழுந்த அன்றே அந்த இடத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் உப்புப் போட்டுவிடுவார்கள்.

இயந்திரமே வேண்டாம், ஆள் பிடிக்கலாம் என்பவர்களுக்கு. இலையுதிர் காலத்தில் வீட்டு வாசலில் வந்து முழுப் பருவத்துக்கும் முற்பணம் வாங்கிக்கொண்டு, முதல் பனிக்குப் பிறகு தொலைபேசி எடுக்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எத்தனை சென்ரிமீற்றருக்கு மேல் வருவார்கள், எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவார்கள், வரம்பும் சேர்த்தியா, புல்லும் படியும் உடைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் வைத்து 50 டொலருக்கு மேல் எழுதிய ஒப்பந்தமானால், பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். 15 நாட்களுக்குள் பணம் திரும்பவேண்டும். முழுக் காசையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம். கடைசி வழி சிறு உரிமை நீதிமன்றம். 2025 ஒக்ரோபர் முதல் அங்கே 50,000 டொலர்வரை வழக்காடலாம். இருநூறு முந்நூறு டொலருக்கும் போகலாம், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம்.

அந்த ஒப்பந்தக்காரரிடம் இரவு இரண்டு மணிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் நம் மாணவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி தராமல், கழியோ காவலுறையோ இல்லாத இயந்திரத்தைக் கொடுத்தால் ஆபத்தான வேலையை மறுக்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. காசு கையில் வாங்கினாலும் ஊழியர் ஊழியர்தான். காயப்பட்டால் மருத்துவரிடம் “வேலையில் நடந்தது” என்று சொல்லவேண்டும். முதலாளி வேறு விதமாகச் சொல்லச் சொன்னாலும் சொல்லக்கூடாது. வேலைத்தளக் காப்புறுதிச் சபையான டபிள்யு.எஸ்.ஐ.பி.க்கு 6-ஆம் படிவத்தைத் தொழிலாளியே அனுப்பலாம். அதற்கு அவகாசம் ஆறு மாதம்.