கடைசி பஸ் எங்கே போச்சு?

பஸ் என்றதும் வில்லியனூர் போற பஸ்ஸை நினைச்சுக்காதீங்க. இது கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ். நெட்வொர்க் கார்டு, என்விஎம்இ டிஸ்க் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. இதற்கான டிரைவர் திருத்தம் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது பஸ் எண்களின் கணக்கைத்தான்.

ஒரு பஸ்ஸில் 32 டிவைஸ், ஒவ்வொன்றிலும் 8 ஃபங்ஷன், ஒரு ஃபங்ஷனுக்கு 4 கேபி கான்ஃபிக் இடம். பெருக்கினால் பஸ்ஸுக்குச் சரியாக 1 எம்பி. 0 முதல் 255 வரை 256 பஸ், ஆக 256 எம்பி. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஈகாம். ஹார்டுவேர் 64 எம்பிதான் ஒதுக்கியிருக்கு என்றால் 64 பஸ்தான் கொள்ளும். டிரைவர் கடைசி எண்ணைக் குறைத்தாக வேண்டும்.

கடைசி எண் = முதல் எண் + எண்ணிக்கை − 1. இவ்வளவுதான். 100 அடி வேலிக்கு 10 அடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 10 போதாது, 11 வேண்டும். அதே குழப்பம்தான் இங்கேயும்.

அந்த −1ஐ மறந்தால் மேப் செய்யாத இடத்தைத் தொட்டு கெர்னல் விழலாம். விழுந்தால் நல்லதுதான், உடனே தெரிஞ்சுடும். ஒன்று கூடுதலாகக் கழித்தால்தான் வம்பு. கடைசி பஸ்ஸை யாரும் தேடவே மாட்டார்கள். டிவைஸ் இல்லாத இடங்கள் சகஜம் என்பதால் எர்ரரும் வராது. டிஸ்க் மட்டும் காணாமல் போயிருக்கும்.

முதல் எண்ணைக் கூட்ட மறப்பது இன்னும் மோசம். டெஸ்ட் செய்கிற மெஷினில் பஸ் 0-வில் தொடங்குவதால் எல்லாம் சரியாகவே ஓடும். 64-ல் தொடங்கும் இரண்டாவது கன்ட்ரோலரில் 64 முதல் 63 வரை என்று ஒரு ரேஞ்ச் வந்து நிற்கும்! எண்ணிக்கையை 8 பிட் மாறியில் வைத்தாலும் ஆபத்து. 256 அங்கே 0 ஆகிவிடும்.

இன்னொரு பொறி: டிவைஸ் ட்ரீயில் தரும் முகவரி, ரேஞ்சின் முதல் பஸ்ஸுக்கு உரியது. ஏசிபிஐயின் எம்சிஎஃப்ஜி அட்டவணையிலோ, ரேஞ்ச் எங்கே தொடங்கினாலும், அது பஸ் 0-வுக்கு உரியது. ஒன்றுக்கு எழுதிய கோடை மற்றதுக்கு ஒட்டினால் 64 எம்பி தள்ளிப் படிக்கும்.

அதனால் நான் கேட்பது ஒரே டெஸ்ட்: தொடக்கம் 0 இல்லாமல், இடமும் போதாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. லினக்ஸின் ஈகாம் கோட் ரேஞ்சைக் குறைக்கும்போது கெர்னல் லாகில் பழைய ரேஞ்ச், புதிய ரேஞ்ச் இரண்டையும் எழுதும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஓகே சொல்வேன்.