திரும்பத் திரும்ப வரும் அல்சர்: ஏன் இத்தனை மாத்திரை?

அல்சருக்கு மாத்திரை போட்டால் ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கிவிடுகிறது. நிறுத்திச் சில மாதம் போனதும் நடு ராத்திரியில் மறுபடி வயிற்றைப் பிசைகிறது. பழியைக் காரத்தின் மீதும் கவலையின் மீதும் போட்டுவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் அதே கேஸ் மாத்திரையை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் ஏராளம். அமிலம் குறைந்தால் புண் ஆறும், உண்மைதான். ஆனால் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாக இருந்தால், அதை ஒழிக்காதவரை பெரும்பாலோருக்குப் புண் ஓராண்டுக்குள் திரும்பிவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழவே முடியாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி அமிலத்தில் பிழைப்பது யூரியேஸ் என்ற நொதியால். அது யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த துளிச் சதையை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தால், கிருமி இருக்கும்போது ஜெல் இளஞ்சிவப்பாக மாறுவதும் இதனால்தான்.

இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் கிருமி பதுங்கிக்கொள்வதால் மருந்து எளிதில் போய்ச் சேராது. சில ஆன்டிபயாட்டிக்குகள் அமிலத்தில் வீரியம் இழக்கின்றன. அமோக்ஸிசிலினோ, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். அமிலம் அதிகமானால் கிருமி பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அதனால் முதலில் அமிலத்தைக் குறைக்க வேண்டும். ஒரே ஆன்டிபயாட்டிக்கை மட்டும் கொடுத்தால் அதற்கு அடங்காத சில கிருமிகள் தப்பிப் பெருகிவிடும் என்பதால் குறைந்தது இரண்டு சேர்கின்றன.

அமிலக் குறைப்பு மாத்திரையோடு அமோக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் சேர்ந்தது பழகிய மும்மருந்துக் கூட்டு. கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்டதால், இன்று பல இடங்களில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மாத்திரை என்ற நான்கு மருந்துக் கூட்டையே முதலில் தருகிறார்கள். வழக்கமாக 14 நாள். பென்சிலின் அலர்ஜி இருந்தாலோ, சளி, தொண்டை வலிக்கு முன்பு கிளாரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ சாப்பிட்டிருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டு அதைப் பொறுத்தே அமையும்.

இந்த 14 நாள் சுகமானதல்ல. வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், பேதி வரலாம். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். தார் போல ஒட்டும் நாற்றமடிக்கும் கறுப்பு மலம், ரத்த வாந்தி, தலைச்சுற்றல் என்றால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பலர் நான்காம் நாளே வலி போய்விட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு எழும் என்பதால், தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி போனதை வைத்துக் கிருமி ஒழிந்ததாகக் கொள்ள முடியாது. ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கிருமி மிஞ்சியிருந்தால் பழைய சீட்டையே நீட்டி அதே மாத்திரைகளை வாங்காமல், டாக்டரிடம் வேறு கூட்டு எழுதி வாங்க வேண்டும்.