உஷார்! 'டக்' சத்தம் கேட்டபிறகு ஒரு சொட்டும் வேண்டாம்

பிடோக்கில் காடி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜோகூருக்குக் கிளம்புகிறீர்களா? அப்படியே எண்ணெயும் போட்டுக்கொண்டு வரலாம் என்று கணக்கா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பிடோக் நார்த்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, நான்கு வயதுப் பையன். ஜோகூரில் சாப்பிட்டு, சாமான் வாங்கி, திரும்பும் வழியில் எண்ணெய் போட நிறுத்தினார்கள். குழாய் 'டக்' என்று நின்றது. டேங்க் நிறைந்துவிட்டது. ஆனால் மனசு நிறையவில்லை. "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்று அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி டக். காடியை ஆட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி இன்னும் இரண்டு லிட்டர் போகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியைப் பின்பக்கம் பிடித்து ஆட்டச் சொன்னார். அடுத்து அழுத்தியபோது எண்ணெய் பொங்கி வெளியே வந்துவிட்டது.

அந்த அம்மாவின் காலெல்லாம் பெட்ரோல். செருப்பு நனைந்துவிட்டது. டிஷ்யூ எடுத்துத் துடைத்தார். ஏறி உட்கார்ந்துவிட்டார். சன்னல் எல்லாம் மூடி, ஏர்கான் போட்டாயிற்று.

கடற்பாலத்தில் நெரிசல். காடி நகரவில்லை. பையன் முதலில் தலை வலிக்கிறது என்றான். பிறகு வாந்தி எடுத்தான். அம்மாவுக்கும் தலை சுற்றல். அப்போதுதான் யாருக்கோ தோன்றியிருக்கிறது, நனைந்த துணியிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவியைத்தான் மூன்று பேரும் இவ்வளவு நேரமாக மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று. சன்னலை இறக்கினார்கள். பிழைத்தார்கள். அந்தக் காடியில் யாருக்கும் புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. இருந்திருந்தால்? யோசித்துப் பாருங்கள். எனக்கு நினைத்தாலே கை நடுங்குகிறது.

கதை அதோடு முடியவில்லை. சில வாரம் கழித்து டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. வொர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால், டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி எண்ணெயில் ஊறிக் கெட்டுப்போயிருந்தது. மாற்ற ஆன செலவு நூற்றுக்கணக்கில். ஆட்டி ஆட்டி மிச்சம் பிடித்தது சில வெள்ளி.

இந்தக் கரிப்பெட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. டேங்கில் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காலி இடம் வேண்டும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் சூட்டில் விரியும். 50 லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி சூடானால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடிவிடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் எண்ணெய் நம் ஊர் வெயிலில் நின்றால் எவ்வளவு சூடாகும், நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தையும் நீங்கள் நிரப்பிவிட்டால் ஆவி போகிற குழாயில் எண்ணெயே போய்விடும். கோவிட் மூடலுக்குப் பின் 2022 ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்த பிறகு ஜோகூர் நிலையங்களில் சிங்கப்பூர்க் காடிகளை ஆட்டுவதும், ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்குவதும் காணொளியாகச் சுற்றியதே, பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தோம். சிரிக்கிற விஷயம் இல்லை அது. ஜாக்கி மேல் நிற்கும் காடி, பக்கத்தில் திறந்த டேங்க், சுற்றிலும் ஆவி!

பெட்ரோல் எரிய வெயில்கூட வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அதிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாலடி தள்ளி ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் அது அங்கே போய் நெருப்பைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வரும்.

கைபேசியைப் பார்த்துப் பயப்படுகிறோம். அமெரிக்காவில் பெட்ரோல் சாதனத் துறையினர் பம்ப் தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கைபேசியால் பிடித்த தீ என்று உறுதியாக எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு: உடம்பில் சேரும் நிலைமின்சாரம். குழாயைச் செருகிவிட்டு, காடிக்குள் ஏறி உட்கார்ந்து, சீட்டில் உரசி இறங்கி, நேராகக் குழாயைத் தொட்டவர்கள் பலர். ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான். நம் ஊர் ஈரக்காற்றில் இது குறைவு என்பது உண்மை. ஆனால் ஏர்கான் காடிக்குள் காற்று வறண்டிருக்கும். அதனால் எண்ணெய் போடும்போது உள்ளே போய் உட்காராதீர்கள். போனீர்களா? இறங்கியதும் முதலில் காடிக் கதவின் இரும்பைத் தொடுங்கள். பிறகு குழாய்ப் பக்கம் போங்கள். கைபேசியையும் உள்ளேயே வையுங்கள். பேச்சில் கவனம் போனால் எண்ணெய் பொங்குவதை யார் பார்ப்பது?

சரி, பணக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

முக்கால் டேங்க் விதி தெரியும்தானே? சிங்கப்பூரில் பதிவான காடி முக்கால் டேங்க் எண்ணெய் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. 1989-ல் அரை டேங்க் என்று வந்தது. 1991-ல் முக்காலாகக் கூட்டினார்கள். முள் ஒரு மயிரிழை கீழே இருந்தாலும் உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். 500 வெள்ளி வரை தண்டம் வேறு. "அதிகாரி பார்க்கமாட்டார்" என்று போகாதீர்கள். முள்ளைத் தில்லுமுல்லு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். அது நீதிமன்றம் வரை போகிற குற்றம்.

இப்போது கணக்குப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க். முக்கால் என்றால் 37.5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும். ஜோகூரில் போட இடம் 12 லிட்டர் சொச்சம்தான். லிட்டருக்கு ஒன்றரை வெள்ளி மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 19 வெள்ளி. பிடோக்கிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போக வர 60. நெரிசலில் ஊர்ந்து எரிவதையும் சேர்த்தால் ஐந்து லிட்டராவது போகும். அது பத்து வெள்ளிக்குக் குறையாது. மலேசியச் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், அது ஆறு வெள்ளிக்கு மேல். பாலத்துக்கான கட்டணங்கள் தனி. கையில் என்ன நிற்கிறது? அம்மா வீட்டுக்கோ கோயிலுக்கோ போனால் போகட்டும், வழியில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க்காக மட்டும் போவது வீண் அலைச்சல்.

போனாலும் மஞ்சள் கைப்பிடிப் பக்கம் போகவே போகாதீர்கள்! அது ரான் 95 பெட்ரோல். 2010 முதல் வெளிநாட்டு எண் தட்டுக் காடிகளுக்கு அது தடை. நமக்கு 97-தான். மலேசியாவின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனிநபருக்குப் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம் சொல்கிறது. "எல்லாரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று பக்கத்தில் இருக்கிறவர் சொல்வார். கேட்காதீர்கள். உங்கள் எண் தட்டைப் படம் எடுக்க அங்கே ஆள் காத்திருக்கிறது. நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் காடிக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் என்பதையும் மறக்கவேண்டாம்.

இன்னொன்று. அங்கே பல இடங்களில் நீங்களே இறங்கி, உள்ளே முகப்பில் பணம் கட்டிவிட்டு வந்து போட வேண்டும். அந்த இரண்டு நிமிடம் போதும். சீட்டில் கைப்பை, பூட்டாத கதவு, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், பின்சீட்டில் தூங்கும் குழந்தை. எஞ்சினை அணையுங்கள். சாவியை எடுங்கள். கதவைப் பூட்டுங்கள். ஒரு பெரியவர் காடியை விட்டு நகரக் கூடாது. பம்பிலேயே அட்டையைச் செருகினால் 200 ரிங்கிட் போல ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள். நீங்கள் போட்டது 40 ரிங்கிட்டாக இருக்கும். மீதி திரும்ப வர நாளாகலாம். மாதக் கடைசியில் டெபிட் அட்டையில் அப்படிப் பிடிபட்டால் வீட்டு பில் கட்டக் காசு இருக்காது. உள்ளே போய்த் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள்.

பிடோக்கிலேயே மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் காடியின் எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 95 என்று போட்டிருந்தால் 98 போட்டு ஒரு புண்ணியமும் இல்லை. 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் வரியை உயர்த்தினார்களே, அப்போது 95-க்கு லிட்டருக்கு 66 காசு, 98-க்கு 79 காசு என்று ஆனது. வரியிலேயே 13 காசு வித்தியாசம். ஆனால் 98 வேண்டும் என்று எழுதியிருந்தால் 92 போட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. 'அதிகாலையில் போட்டால் அளவு கூடும்' என்பதும் பொய். நிலத்தடித் தொட்டியில் சூடு பகலிலும் இரவிலும் அதிகம் மாறாது. தூக்கம்தான் கெடும்.

விலைப்பலகையை நம்பாதீர்கள். அட்டைத் தள்ளுபடி, நிலையத் தள்ளுபடி எல்லாம் போக நீங்கள் கட்டுவது என்ன என்பதுதான் விலை. 2022-ல் 95 லிட்டர் மூன்று வெள்ளியைத் தாண்டியபோது பலர் திண்டாடினார்கள். அப்போதும் பயனீட்டாளர் சங்கத்தின் ஃபியூவல் காக்கி தளம் இருந்தது. 2020 முதல் இருக்கிறது. உங்கள் அட்டையைச் சொன்னால் எங்கே குறைவு என்று காட்டும். கிளம்புமுன் வீட்டிலிருந்தே பாருங்கள்.

நம் ஊரில் எண்ணெய் போடும் பெரியவர்களிடம் தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். சன்னலை இறக்கி, முகம் பார்த்து, "அங்கிள், 95, இருபது வெள்ளி" என்று. 2019 ஏப்ரலில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? பத்து வெள்ளிக்குக் கேட்டேன் என்றார் காடிக்காரர். எண்ணெய் போட்ட முதியவர் நிரப்பியது 135 வெள்ளிக்கு. மீதியை அந்த முதியவரே கட்டப்போகிறார் என்று செய்தி பரவி ஊரே கொதித்தது. அவர் கட்டவேண்டியதில்லை என்று நிறுவனம் சொன்ன பிறகுதான் அடங்கியது. அதற்குள் இரண்டு பக்கமும் எவ்வளவு மன உளைச்சல்! டீசல் காடியாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. பெட்ரோல் குழாய் மெல்லியது, டீசல் டேங்கில் சுலபமாக நுழைந்துவிடும். தவறிப் போட்டுவிட்டால் எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். தள்ளி நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே உஷாராகுங்கள். மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. பம்பில் துல்லிய முத்திரை ஒட்டவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு உங்கள் கண்ணுக்கு மறைவாகப் போகிறார்கள். பாதி விலைக்கு எண்ணெய் என்று கைபேசிக்கு ஒரு இணைப்பு வருகிறது (அழுத்தாதீர்கள், 1799-க்கு அழைத்துக் கேளுங்கள்). எண்ணெய் போட்ட மறுநாளும் காடிக்குள் வாடை. டேங்க் நிறையப் போட்ட பிறகு கிளப்பினால் எஞ்சின் இழுக்கிறது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று பலமாகச் சீறுகிறது. இந்தக் கடைசி மூன்றும் கரிப்பெட்டிக் கோளாறாக இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பில் பெட்ரோல் பட்டுவிட்டதா? காடிக்குள் ஏறாதீர்கள். நிலையத்திலேயே தண்ணீரும் சோப்பும் கேட்டுக் கழுவுங்கள். துணியை மாற்றுங்கள். மாற்றுத் துணி ஒன்று பூட்டில் எப்போதும் இருக்கட்டும். நனைந்த துணியைக் காடிக்குள் வைக்கவேண்டாம்.

போடும்போதே தீ பற்றிக்கொண்டால் பதறிக் குழாயை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் எரியும் எண்ணெய் உங்கள் மேலேயே கொட்டும். குழாய் அப்படியே இருக்கட்டும். முதலில் பிள்ளைகளை இறக்குங்கள். தூரமாக ஓடுங்கள். பம்பை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள், அவசரப் பொத்தான் ஊழியர் கையெட்டும் இடத்தில் இருக்கும். எட்ட நின்று, நம் ஊரில் என்றால் 995-ஐ, ஜோகூரில் என்றால் 999-ஐக் கூப்பிடுங்கள். கைப்பை, கடவுச்சீட்டு, காடி எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.